பெகோனியா திருடப் போன இடத்தில்

இன்று காலை ஹைதராபாத் சைனிக்புரியில் ஒரு திருட்டு நடந்தது. திருடியது நான்தான்.

பக்கத்து வீட்டு மாலதி அக்கா மொட்டைமாடியில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் வைத்திருக்கிறார். அதற்குள் வெள்ளிப் புள்ளி இலையோடு ஒரு பெகோனியா.

"ஒரு கிளை குடுங்கக்கா" என்றேன்.

"கேட்டு வாங்கினா வேர் பிடிக்காது. திருடினாதான் பிடிக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீ எடுத்துக்கோ."

சொன்னபடியே திரும்பி நின்றார். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் முதுகு பேச ஆரம்பித்தது.

"மேல நக்கோ, வேண்டாம்! கணுவுக்குக் கீழ வெட்டு. அடி இலையைக் கிள்ளிடு. ஈர மணல்ல நடு. தண்ணிய மட்டும் அள்ளி ஊத்தாதே, அழுகிடும்."

இத்தனை அக்கறையான வீட்டுக்காரர் எந்தத் திருடனுக்கும் வாய்த்திருக்க மாட்டார்.

"தாங்க்ஸ்க்கா."

"ஐயோ, தாங்க்ஸ் சொல்லாதே! பட்டுப்போயிடும்."

கிளம்பும்போது சும்மா கேட்டுவைத்தேன். "உங்களுக்கு இது எங்க கிடைச்சுது?"

அக்கா பூவாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் ஊருக்குப் போறப்ப, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவி குடுத்துட்டுப் போனேல்ல..."

அந்தத் தடவை நான் திரும்பி வந்தபோது என் வெள்ளிப் புள்ளி பெகோனியா அழுகிக் கிடந்தது. "ஹைதராபாத் வெயிலும்மா" என்று ஆறுதல் சொன்னதும் இதே அக்காதான்.

கிளையை மணலில் நட்டுவிட்டேன். எனக்கு இப்போது ஒரே கவலை. என் செடியை நானே எடுத்து வந்தால் அது திருட்டில் சேருமா? சேராது என்றால், வேர் எப்படிப் பிடிக்கும்?