வெளியே அனுப்பாமலே

நான் ஒரு மாணவியைப் பழிவாங்கினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, வகுப்பை விட்டு வெளியே அனுப்பவுமில்லை. அன்பாகப் பேசியே பழிவாங்கினேன்... திட்டமிட்டு!

நீங்கள் மன்னிப்பீர்கள் என்ற எண்ணத்தில் இதை எழுதவில்லை. எங்காவது சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஆவடியில் ஓர் உதவி பெறும் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பீரியட் என்னுடையது. தாமதமாக வருகிறவர்கள் அந்தப் பீரியட் முழுவதும் வராந்தாவில் நிற்க வேண்டும் என்பது என் சட்டம். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் நந்தினி வாரத்தில் பாதி நாள் அங்கேதான் நிற்பாள்.

புதிதாக வந்த தலைமையாசிரியை அதை நிறுத்தினார். வராந்தாவில் நிற்கிற பிள்ளைகள்தாம் ஒருநாள் கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அப்படிப் படிப்பை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்றார். அதற்குப் பதிலாக இரண்டு ஏற்பாடுகள் செய்தார். தவறு செய்த பிள்ளையோடு ஆசிரியர் தனியே பத்து நிமிடம் பேச வேண்டும். அங்கே சொன்னது வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வகுப்பே வட்டமாக உட்கார வேண்டும். கரும்பலகை டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டுமே பேசலாம்.

தனிப்பேச்சுக்கு நந்தினியை அழைத்தேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காலைல அம்மாகூட கோட்ரஸ்ல ரெண்டு ஊட்ல பாத்திரம் தேய்ச்சிட்டு வரேன் மிஸ். அதுல ஒண்ணு நம்ம கீர்த்தனா ஊடு. நான் போறப்போ அவ ட்யூஷன்ல இருப்பா, அவளுக்குத் தெரியாது. யாராண்டயும் சொல்லிடாதீங்க மிஸ்."

கீர்த்தனா அவள் பக்கத்தில் உட்காருகிற தோழி. கோட்ரஸ் என்று இவர்கள் சொல்கிற பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்புப் பெண். சொல்ல மாட்டேன் என்று நந்தினியின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். அந்த நிமிடம் அது பொய்யில்லை... நம்புங்கள்!

அந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையும் வட்டத்தில் வந்து அமர்ந்தார். டஸ்டர் நந்தினி கைக்குப் போனது.

"கோட்ரஸ் பசங்க லேட்டா வந்தா, ஊட்ல இன்னா விசேஷம்னு கேக்குறீங்க மிஸ். எங்கள மட்டும் ஒண்ணும் கேக்காம வெளிய நிக்க வச்சீங்க. இன்னா நியாயம் மிஸ் இது?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். முகம் எரிந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். உண்மை! அதனால்தான் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரு, உனக்கு வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வெள்ளி தலைமையாசிரியை வரவில்லை. டஸ்டரை நந்தினியிடம் நானே நீட்டினேன். "ஏன் தாமதமாக வருகிறாய் என்று எல்லோருக்கும் சொல்லும்மா. இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்" என்றேன். என் குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது!

அவள் டஸ்டரை வாங்கிக்கொண்டாள். என்னையே பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

"சரி, நானே சொல்கிறேன்..." என்று தொடங்கினேன்.

"டஸ்டர் என் கைல கீது மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. எந்த வீடு, யார் வீட்டுப் பாத்திரம், எல்லாவற்றையும் சொன்னேன். உழைப்பு கேவலமில்லை என்று உபதேசமும் சேர்த்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. கீர்த்தனா குனிந்துகொண்டாள். நந்தினி டஸ்டரை என் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு... குளிர்ந்தது. ஆமாம், மனம் குளிர்ந்தது! இதை மறைத்தால் இவ்வளவு எழுதியதும் வீண்.

கூடப் படிக்கிற பெண்ணிடம் வேலை வாங்குகிறார்கள் என்ற பேச்சு வரக் கூடாதென்று, கீர்த்தனா வீட்டில் நந்தினியையும் அவள் அம்மாவையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பத்து நாளில் நந்தினியும் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய் அழைத்த தலைமையாசிரியையிடம் அவள் காரணம் சொல்லவில்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை!

ஆண்டு முடிவில், வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் எவருமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆசிரியர் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, போன மாதம் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் நந்தினியைப் பார்த்தேன். கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை. நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவளே அருகில் வந்தாள்.

"நல்லா கீறீங்களா மிஸ்? வட்டம்லாம் இன்னும் நடக்குதா?"

"நடக்கிறது."

"டஸ்டர் உங்க கைக்கு வந்தா இன்னா மிஸ் சொல்வீங்க?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள். அப்போதும் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை... கோபம்! இவள் யார் என்னைக் கேட்க என்ற அதே பழைய கோபம்! அதற்குள் ரயில் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. டஸ்டர் என் கைக்கு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் நான் பேசுவேன் என்று பார்த்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.