வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு சிட்டம்

அண்ணையின் நினைவாக அந்தியேட்டியில் கொடுக்கும் இந்தக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாமா கேட்டார். மாதிரிக்கு வேறு யாரோ ஒருவருடைய கல்வெட்டையும் தந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதுமாம். அதில் இருந்தவர் எல்லோரையும் இன்முகம் காட்டி வரவேற்றவர். அண்ணைக்கு இன்முகம் கிடையாது. பிடிக்காதவர்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். உங்களில் பலருக்கு அந்தத் தேநீர் நினைவிருக்கும்.

வடமராட்சியில் கடலுக்குக் கிட்டிய ஒரு ஊரில் அண்ணை பிறந்தார். பதினெட்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். இருபது வயதில் சுவிசுக்குப் போனார். அகதி விடுதியில் வேலை செய்ய அனுமதி இல்லை. மற்றவர்கள் சீட்டு விளையாடினார்கள். அண்ணை பக்கத்துப் பண்ணையில் வீசியெறிந்த செம்மறி ரோமத்தைக் கேட்டு வாங்கி, ஒரு மரத் தக்ளியைச் சுழற்றி நூற்கப் பழகினார். பிறகு லண்டன் வந்தார், ஹவுன்ஸ்லோவில் வீடெடுத்தார், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றினார். அப்பாவும் அம்மாவும் காலமான பின் என்னைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டுப் படிக்க வைத்தார். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பது அவருடைய முதுகு உழைத்த காசில்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நீங்கள் பேசியதெல்லாம் அந்த நூலைப் பற்றித்தான். குட்மேய்ஸில் இருக்கும் பெரியம்மா எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே சொன்னார்: "ஆம்பிளைப்பிள்ளை குந்தியிருந்து நூல் நூக்கிறான் எண்டு பொம்பிளை வீட்டுக்காரருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" அண்ணை தலை நிமிராமல், "நிண்டுகொண்டும் நூப்பன் எண்டு சொல்லுங்கோ பெரியம்மா" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

சாயத்துக்கு அவர் வெங்காயத் தோல் சேர்த்தார். படிகாரத் தண்ணீரில் ஊறிய நூலை அந்தத் தோல் அவித்த தண்ணீரில் போட்டால் பழுத்த பனம்பழத்தின் நிறம் வரும். தமிழ்க் கடையில் சாக்கின் அடியில் கிடக்கும் தோலை அவர் அள்ளியதைப் பார்த்தவர்கள், அவருக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை என்று பல மைல் தள்ளியிருக்கும் மோர்டன் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இந்த வருடம் ஊரில் சண்டையில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் எல்லோரும் போய் நின்றோம். இரவு ஷிப்ட் முடித்து நேரே அங்கே வந்த அண்ணை, நின்றபடியே தக்ளியைச் சுழற்றினார். படம் எடுத்துப் போட்டால் எங்கள் சனத்துக்கு அவமானம், உள்ளே வையும் என்றார் ஒருவர். அவர் இரண்டே நாள் வந்தவர், இரண்டு நாளும் காரில் வந்தவர். அண்ணை தக்ளியை உள்ளே வைக்கவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நூலகத்தின் பின்னறையில் கூடும் நூற்பவர்களிடம் போவார். முதல் நாள் அவர்கள் அவரைப் பார்த்து ஹீட்டர் திருத்த வந்தவரா என்று கேட்டார்களாம். அவர்களும் பெரிய ஆட்கள் இல்லை. ஆனால் அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் தன் கையால் நூற்றுச் சாயமிட்ட நூலை இன்னொருவருக்குக் கொடுப்பார். வாங்கியவர் தன் கையால் செய்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. கொடுக்கும்வரை அவருடைய பெயர் அவர்களின் கணக்குக் கொப்பியில் கோடு போட்டு மூடாமல் கிடக்கும்.

வைகாசியில் ஜீன் என்ற எழுபது வயதுக்காரி அண்ணைக்கு சுற்றிக் கட்டிய நூலில் ஒரு நீலச் சிட்டம் கொடுத்தார். அடுத்த மாதம் அண்ணையின் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஜீனுக்குக் கொடுக்க வேண்டிய நூலை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நூற்றார். வீட்டுக்கு வந்திருந்த ஒரு கிழமையில் சாயமிட்டார். காயவைத்துத் தலையணை உறைக்குள் வைத்தார். "ஜீனிட்டக் குடுத்திடு. வாங்கிப்போட்டுச் சும்மா இருக்கப்படாது" என்றார். நான் ஓம் என்றேன். அவர் என்னிடம் கேட்ட கடைசி உதவி அதுதான்.

தகனம் முடிந்த மறுநாள் பெரியம்மா வந்து, சாவுத் தீட்டுப் பட்ட துடக்கு வீட்டுத் துணிகளையெல்லாம் கழுவக் குவித்தார். தலையணை உறையும் அதற்குள் போனது.

"அதுக்குள்ள நூல் இருக்கு பெரியம்மா."

"நூலெண்டால் என்ன, துடக்கு இல்லையே? சுடுதண்ணியில போடு பிள்ளை."

போட்டேன். சலவை மெஷினை அறுபது பாகைச் சூட்டுக்குத் திருகியது நான்தான். பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரோமத்தைச் சூட்டில் போட்டுச் சுழற்றினால் செதில் செதிலோடு பூட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க ஏலாது. இதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது அண்ணையின் விசர் வேலைதானே என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. உங்களைத் திட்டும் இந்தப் பக்கத்தில் என் பெயரையும் சேர்த்து வாசியுங்கள்.

சிட்டம் வெளியே வந்தபோது நூலாக இல்லை. பனம்பழ நிறத்தில் உள்ளங்கை அளவு கட்டி. பெரியம்மா அதைக் கறுப்புப் பையில் போடச் சொன்னார். நான் போடவில்லை.

சென்ற சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஜீன் அதைத் தன் மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுடுதண்ணீரா என்று கேட்டார். நான்தான் போட்டேன் என்றேன். இது செல்லாது என்றால் அண்ணையின் பெயர் மூடாமலே கிடக்கும் என்பதுதான் என் பயம். ஜீன் கொப்பியை எடுத்தார்.

"இது அவர் நூற்றது, நீ கெடுத்தது" என்றார். "இரண்டும் கைவேலைதான்."

அண்ணையின் பெயரின் மேல் கோடு போட்டார். கட்டியைத் தன் பையில் வைத்துக்கொண்டு ஒரு சாம்பல் நிறச் சிட்டத்தை என் கையில் தந்தார். வாங்கிய பிறகுதான் விளங்கியது. எனக்கு நூற்கத் தெரியாது என்றேன். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் என் பெயரை எழுதினார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். தக்ளியைக் கட்டிலில் வைத்திருக்க விட்ட தாதிக்கு நன்றி. கேட்காமலே தோல் சேர்த்துக் கொடுத்த தமிழ்க் கடைக்காரருக்கு நன்றி. எங்களுக்குச் சோறு அனுப்பிய பெரியம்மாவுக்கும் நன்றி, அதை நான் மறுக்கவில்லை. மலர்வளையங்களோடு வந்து, இவ்வளவு அருமையான பிள்ளை என்று அழுத மற்றவர்களுக்கு என்னிடம் நன்றி இல்லை.

இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு உரிக்கும் வெங்காயத்தின் தோலை எறிய வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது மண்டபத்தின் பின்கதவடியில் அதைப் பைகளில் அள்ளிக்கொண்டிருப்பேன். மோர்டன் வரைக்கும் சொல்ல விரும்புபவர்கள் வந்து பார்க்கலாம்.

தங்கச்சி