மூழ்கிய ஊரும் உடைந்த பாலமும்

எங்கள் தெருவில் கிளை நூலகத்துக்கும் வீடியோ கேம் கடைக்கும் நடுவே ஆறு வீடுகள்தான். தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நெரிசலுக்குப் பயந்து குறுக்கே புகுந்து ஓடும் தெரு அது. நூலகம் ஒரு ரேஷன் கடையின் மாடியில் இருந்தது. லாரி போனால் இரும்பு அலமாரிகள் லேசாக அதிரும். வீடியோ கேம் கடை என்பது உண்மையில் ஒரு வீட்டின் முன்னறை. பச்சைத் திரை, மூன்று டிவி, இரண்டு நீள பெஞ்சு, எந்நேரமும் பையன்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நூலகத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், அந்தப் பச்சைத் திரை இருக்கும் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆசை இருந்தது, வழிதான் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சேதி வீட்டுக்கு வந்துவிடும்.

வழி, வகுப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கடை நடத்தியவரின் தங்கை அவள். அவர்கள் வீட்டுக்கூடத்திலிருந்து கடைக்குள் போக ஒரு கதவு உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் அவளுடைய அண்ணன் கடையைச் சாத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிப்பதும் அதே நேரத்தில்தான். நாங்கள் ஓட்டமும் நடையுமாக அவள் வீட்டுக்குப் போவோம். அவளுடைய அம்மா சமையலறையில் இருப்பார். நாங்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அந்தக் கதவைத் திறப்போம். முதல் வேலை, டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைப்பது. இரண்டாவது வேலை, கேசட்டை எடுத்து வாயால் ஊதி மறுபடி செருகுவது. ஊதினால்தான் படம் வரும் என்று ஊரே நம்பிய காலம்.

ஆடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜாய்ஸ்டிக்கைப் பார்க்கவே மாட்டாள், விரல்கள் தானாகப் போகும். ஆனால் வகுப்பில் அவளை எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள். எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன என்பாள். வரிக்கு வரி தாவிவிடும். டீச்சர் அதைத் திமிர் என்று நினைத்தார். அதனால் புத்தகம் என்றாலே அவளுக்கு ஆகாது. கதை என்றால் மட்டும் உயிர். நான் நூலகத்தில் படித்ததைச் சொல்ல வேண்டும், அவள் ஆட்டம் சொல்லித் தருவாள். இதுதான் எங்கள் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கும் விடுமுறை என்பதால் வியாழக்கிழமை மாலையே எதையாவது படித்து வைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் எனக்குக் கிடைத்தது இரண்டு பாகமாக வந்த ஒரு மாயக்கதை. ஏதோ குளிர்நாட்டிலிருந்து மொழிபெயர்த்தது. அட்டை போய், காக்கித் தாள் ஒட்டியிருந்தார்கள். கடலுக்கு அடியில் மூழ்கிய ஓர் ஊர். அந்த ஊரின் மணியை யாராவது அடித்தால் கடல் பின்வாங்கி ஊர் மேலே வரும். ஒரு பெண், ஒற்றைச் சிறகு கொண்ட நாரையோடு, அந்த மணியைத் தேடிப் புறப்படுகிறாள். முதல் பாகத்தை ஐந்து வெள்ளிக்கிழமைகளில் சொல்லி முடித்தேன். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்டாள்.

இரண்டாம் பாகத்தை யாரோ எடுத்துப் போய்த் திருப்பவே இல்லை. நூலகர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்குவார். அவளோ விடமாட்டாள்.

"அப்றம் இன்னாடி ஆச்சி? மணி கெட்ச்சிதா இல்லியா?"

மூன்று வாரம் சமாளித்தேன். நான்காவது வாரம் நானே கட்டிச் சொன்னேன். மணி கிடைத்தது. அந்தப் பெண் அடித்தாள். கடல் இங்கிருந்து எண்ணூர் போகும் தூரத்துக்கு உள்வாங்கியது. ஊர் கோபுரங்களோடு மேலே வந்தது. நாரைக்கு இன்னொரு சிறகும் முளைத்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். "கடைசிப் பக்கத்துல படமே போட்டிருக்குடி, ஊரு மேல நாரை பறக்குற மாதிரி" என்று ஒரு பொய்யையும் சேர்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கப்படத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த இரண்டாம் பாகம் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஓடிப்போய் எடுத்துப் படித்தேன். கதை வேறு மாதிரி முடிந்திருந்தது. அந்தப் பெண் மணியைக் கண்டுபிடிக்கிறாள், ஆனால் அடிப்பதில்லை. ஊரில் இப்போது மீன்களும் நண்டுகளும் குடியிருக்கின்றன. கடல் வற்றினால் அவை சாகும். மணியின் நாக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறாள். படித்ததை என் தோழியிடம் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை நான் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் படியேறி வந்தாள். வாழ்க்கையில் முதல் முறை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"படத்தப் பாக்கலாம்னு வந்தேன்டி. அந்த நாரை படம்."

"புக்கு இல்லடி" என்றேன். ஆனால் நூலகர் காதில் அது விழுந்துவிட்டது. நான் இரண்டு மாதம் கேட்டுக்கேட்டு அவருக்கு மனப்பாடமாகியிருந்த புத்தகம். நேராக அலமாரியிலிருந்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். படம் இருந்தது. ஆளில்லாத கடற்கரையில் ஒரு பெண் தனியாக நடந்து போகும் படம். ஊரும் இல்லை, கோபுரமும் இல்லை. நாரை அவள் பக்கத்தில் தரையில் நடந்துகொண்டிருந்தது, ஒற்றைச் சிறகோடு.

"எங்கடி ஊரு?"

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேல வந்துச்சின்னியே, எங்க?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எனக்குப் படிக்க வராதுன்னுதானே இப்டி ரீல் உட்டே? உன்ன தோஸ்துன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அவள் சொன்னது உண்மை. படிக்கத் தெரிந்தவளிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதன்பிறகு வகுப்பில் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூட மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டேன். இதற்கிடையில் அவள் அண்ணனிடம் கையெழுத்து வாங்கி நூலகத்தில் உறுப்பினராகியிருந்தாள். அந்த இரண்டாம் பாகம் அவள் பெயரில் போனது. ஒரு தடவை புதுப்பித்தாள், இரண்டு தடவை, நான்கு தடவை. இடைவேளைகளில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் ஒரு தாளை மடித்து வைத்து, விரலால் தொட்டுத்தொட்டு படிப்பாள். உதடு அசையும். யாராவது சிரித்தால் நிமிர்ந்தே பார்க்க மாட்டாள்.

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடித்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"முடிச்சிட்டேன்."

"எப்டி இருந்துச்சி?" என்று கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

"புக்குல கீறதுதான் ஸோக்கா கீது. நீ சொன்னது சினிமா மாதிரி." பிறகு, "வா, துன்னுட்டு ஆடலாம்" என்றாள். மன்னிப்புக் கேட்க நான் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு அவள் இடமே தரவில்லை.

அன்று ஆடியது ஒரு கோட்டை ஆட்டம். குள்ள வீரன் ஒருவன் வாளோடு போய்க்கொண்டே இருப்பான். ஒரு கட்டத்தில் உடைந்த பாலம் வரும், கீழே நெருப்பு ஆறு. அதைத் தாண்டியவர் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. எவ்வளவு தூரம் ஓடி வந்து குதித்தாலும் நெருப்பில்தான் விழுவான். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் இருபது நிமிடத்தில் பாலத்துக்கு வந்து சேர்ந்தாள். அப்போது பேச்சு மறுபடி கதைக்குத் திரும்பியது. அந்தப் பெண் மணிக்கு முன்னால் நின்று யோசிக்கும் இடத்தை எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நான் படித்த பக்கம்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தாக நடந்து வந்தவள் சொல்லும்போது, நான் ஓடிவந்ததில் தவறவிட்டது எல்லாம் அதில் இருந்தது. மணியின் மேல் படிந்திருந்த சிப்பிகளின் நிறம் வரைக்கும் சொன்னாள். ஜாய்ஸ்டிக் பெஞ்சில் கிடந்தது. குள்ள வீரன் பாலத்து ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"ஏய், அங்க பாரு" என்றேன்.

நெருப்பு ஆற்றில் எங்கிருந்தோ ஒரு கல் மிதந்து வந்துகொண்டிருந்தது. பாலத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. அவள் பாய்ந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். ஒரு சின்னக் குதி. கல்லில் கால் வைத்து அடுத்த குதியில் அக்கரை.

நாங்கள் கத்தியிருக்க வேண்டும். தெருப்பக்கக் கதவு திறந்தது. தொப்பியைக் கழற்றாமல் அவளுடைய அண்ணன் நின்றிருந்தார். இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவின் முகம் கண்ணில் வந்து போனது. ஆனால் அண்ணன் எங்களைப் பார்க்கவே இல்லை, டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு எங்கர்ந்து வந்துச்சி?"

"சும்மா நின்னா வருது" என்றாள் அவள்.

"சும்மா நின்னாவா? ஆறு மாசமா வுழுந்துகினு கீறேன் நான்!" பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "இன்னொரு தபா காட்டு."

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடுபவர்கள். ஒரு நிமிடம்கூட சும்மா நிற்க யாருக்கும் மனம் வராது. அண்ணனுக்கும் ஓடி ஆடித்தான் பழக்கம். அடுத்த வாரமே தெரு முழுக்க அவர்தான் பாலத்தைத் தாண்டியவர் என்று பேச்சாகிவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல எங்களால் முடியாதே. பதிலுக்கு வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கதவை அவர் கண்டுகொள்வதில்லை என்று சொல்லாமலே முடிவாயிற்று. பத்தாவது வரைக்கும் அது நடந்தது.

அந்த அறை பிறகு பிரவுசிங் சென்டர் ஆனது, செல்போன் கடை ஆனது, இப்போது பூட்டிக் கிடக்கிறது. அவள் கல்யாணமாகி மீஞ்சூருக்குப் போனாள். அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். இன்றும் மெதுவாகத்தான் படிக்கிறாள். துணி வாங்க ரயிலேறிச் சென்னைக்கு வரும்போது அவள் பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். "நாலு பக்கம் படிக்கிறதுக்குள்ள ரயிலு வந்துருதுடி" என்று போனில் அலுத்துக்கொள்வாள்.

நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே இருக்கும் கிளை நூலகத்துக்குப் போவேன். இவ்வளவு அனுபவித்தவள்தான் நானும், ஆனால் மகள் போனில் கேம் ஆடினால் பிடுங்கி வைப்பேன். கேமால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நூலகத்தில் எந்த அப்பாவாவது புலம்பினால் முதலில் தலையாட்டுவதும் நான்தான். வெட்கமாக இருக்கிறது, என்ன செய்ய. அம்மாவானதும் பழையதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது.

போன மாதம், வேண்டிய புத்தகங்களை எழுதச் சொல்லி வைத்திருக்கும் நோட்டில் மகள் நெடுநேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நூலகர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மா, இது கேம் பேராச்சே. எழுதினவங்க பேரு போடணும்."

"யாரு எழுதினாங்கன்னு தெரியாதுங்க மேடம். ஆனா அதுல ஒரு கதை இருக்கு. புக்கா வந்தா நல்லாருக்கும்."

பழக்க தோஷத்தில் அதட்ட வாயெடுத்தேன். என்னவோ அன்று முடியவில்லை. படியிறங்கும்போது, "என்ன கதை அது?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். போனைப் பிடுங்குவதற்கு ஏதோ புது வழி என்று நினைத்திருப்பாள்.

"நெஜமா கேக்குறியா?"

"நெஜமாத்தான்."

கலங்கரை விளக்கத்துக் காவல்காரன் ஒருவன், தொலைந்துபோன நட்சத்திரங்கள், அவற்றை ஒளித்து வைத்திருக்கும் திமிங்கலம் என்று ஆரம்பித்தாள். கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போது நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பால் வாங்க வேண்டிய கடையைத் தாண்டியிருந்தோம். வீடு வந்தும் கதை முடியவில்லை. இரண்டு பேரும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.