வலி சொல்லாத கால்

மார்ச் மாதத்தில் லியோனா திபோ ஓர் இடத்தில் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. ராத்திரி உறைந்து பகலில் இளகினால் மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும். இறங்கிய சாற்றை அன்றைக்கே இனிப்புப் பாகாகக் காய்ச்சியாக வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் ஆயிரத்து இருநூறு மரங்களை வைத்துக்கொண்டு எவள்தான் சும்மா இருப்பாள்? இந்த வருடமோ, சாறு இறங்காத நாளிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. அக்டோபரில் காய்ச்சும் கொட்டகையின் கூரையைச் சரிபார்க்க ஏறியவள் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பு உடைந்து, ஒரு சில்லு தண்டுவடத்தின் இடது பாதியை நசுக்கிவிட்டது. இடது கால் துவண்டுபோனது. அது எங்கே கிடக்கிறது என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரியும். கைக்கு ஊன்றுகோல் வந்தது. வலது கால் மட்டும் தூண் மாதிரி நின்றது.

கணவன் வெர்ன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இந்த சீசன்ல உனக்கு ஒரு சின்ன அடி பட்டாலும் சரி, மரமெல்லாம் டுவைட்டுக்குக் குத்தகை. அப்புறம் பேச்சே கிடையாது."

"பக்கத்து வீட்டுத் தடியனுக்கா? போன வருஷம் அவன் காய்ச்சினது தார் மாதிரி இருந்துச்சே!"

"தாரோ என்னவோ, ரெண்டு காலோட காய்ச்சுறான்ல?"

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் படம் போட்டே காட்டியிருந்தாள். இடது காலை அசைக்கும் கட்டளை தண்டுவடத்தின் இடது பாதியில் இறங்குகிறது. வலது காலின் வலியும் சூடும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததுமே குறுக்கே தாண்டி, அதே இடது பாதியில்தான் மூளைக்கு ஏறுகின்றன. இடது காலின் வலியும் சூடும் அடிபடாத வலது பாதியில் ஏறுகின்றன.

"சாறு வர்ற குழாயெல்லாம் சேர்ற எடத்துல அணில் கடிச்சு வச்சா, ரெண்டு சரிவுலயும் சாறு நின்னுபோகும். அதானே?" என்றாள் லியோனா.

"அதேதான். நல்ல காலை நம்பாதீங்க. சுட்டாலும் அது வாய் திறக்காது."

தலைக்குப் புரிந்தது. முப்பது வருடப் பழக்கத்துக்குப் புரிய வேண்டாமா? ஏழு நிமிடத்துக்கு ஒருதரம் விறகு போடும்போது, அடுப்பின் இரும்புக் கதவை வலது பூட்ஸால் முட்டுக் கொடுத்துப் பிடிப்பாள். கை இரண்டும் விறகுக்கு வேண்டுமே. அன்றும் விறகு அடுக்கில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு அப்படித்தான் பிடித்தாள், டுவைட்டைத் திட்டிக்கொண்டே.

"ரப்பர் தீயுற வாடை அடிக்குதே," என்றான் வெர்ன்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பூட்ஸின் பக்கவாட்டு உருகி வழிந்திருந்தது. கழற்றினால், பாதமெல்லாம் கொப்புளம். அவளுக்குத் துளி வலியில்லை. ஐயோ, தன் கால் வெந்ததைப் புருஷன் மூக்கு சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வெர்ன் குளிர்ந்த தண்ணீரை நெடுநேரம் ஊற்றி, சுத்தமான துணியைச் சுற்றி, "டாக்டர்கிட்ட போறோம்," என்றான். பிறகு போனை எடுத்து டுவைட்டைக் கூப்பிட்டான்.

அடுப்பின் மேலிருந்த அகலத் தட்டில் பாகு பொங்கத் தொடங்கியது. அதை அப்படியே விட்டுப் போனால் கருகிவிடும். லியோனா முக்காலியை அடுப்புக்கு மறுபக்கம் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். ஆமாம், மார்ச் மாதத்தில், உட்கார்ந்தாள்! வெந்த காலைத் தள்ளி நீட்டி, துவண்ட இடது கால் நெருப்பைப் பார்க்கும்படி திரும்பினாள். இத்தனை நாள் எரிச்சலோடு சுமந்த ஊன்றுகோலால் கதவைக் கொக்கி போட்டு இழுத்து, விறகைத் திணித்தாள்.

"ஆ!"

"என்னடி?"

"சுடுது, வெர்ன்!" அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இந்த உதவாக்கரைக் காலு சுடுதுன்னு சொல்லுதுடா!"

"அப்ப தள்ளி வையேன், கழுதை!"

அவள் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்து, இடது காலைத் தூக்கி ஒரு சாண் பின்னால் வைத்தாள். போனில் டுவைட் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். வெர்ன் அவளையே பார்த்தான்.

"ஒண்ணுமில்ல டுவைட்," என்றான். "முக்காலி ஒண்ணு வேணும். கொஞ்சம் உயரமா."