என் கைடின் பாஸ்வேர்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். கூடவே பார்ட் டைமில் பிஎச்.டி.யும் செய்கிறேன். ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்பவர்களிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். ஒருவருடைய அக்கவுண்டுக்குள் வேறொருவர் புகுந்து உட்கார்ந்திருந்தால், அவர் டைப் செய்யும் வேகத்தையும் தயக்கத்தையும் வைத்தே ‘இது அந்த ஆள் இல்லை’ என்று கண்டுபிடிப்பது. கேட்டவர்கள் “அடேங்கப்பா” என்பார்கள். ஆராய்ச்சியில் சேர்ந்ததிலிருந்து நான்கு வருடமும் என் கைடின் அக்கவுண்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது நான்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

கைடு என்பவர் எங்கள் துறைத் தலைவர். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். தகவல் பாதுகாப்பில் நிபுணர் என்று அவர் அறைக் கதவில் போர்டு இருக்கிறது. கோலியனூர் பக்கம் சொந்த நிலம். சேர்ந்த முதல் மாதமே என்னைக் கூப்பிட்டு, “இந்த போர்ட்டல் கீர்ட்டல்லாம் ஒரே பேஜாரா இருக்குதும்மா, நீயே பாத்துக்க” என்று பல்கலைக்கழக இணையதளம், ஆய்விதழ்களின் இணையதளம் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார். பாஸ்வேர்டைக்கூட நான்தான் வைத்தேன். அவர் என்ன பாஸ்வேர்டு என்று கேட்கவே இல்லை.

ஓடிபி மட்டும் அவர் போனுக்குப் போகும். நான் போன் போடுவேன்.

“சார், ஓடிபி வந்திருக்கும், பாருங்க.”

“இரும்மா, கொல்லையில நின்னுக்கினு இருக்கேன். மல்லாட்டை புடுங்கறாங்க. எழுதிக்க... நாலு, ஏழு...”

ஆறு எண்ணையும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், “ஏழு இல்லீங்க, அது ஒண்ணுங்க” என்று திருத்தியது. அவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க வந்தவர். எங்கள் துறையிலேயே கவனமாகச் சரிபார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்னைப் பற்றி கைடு அறிக்கை தர வேண்டும். அதையும் நானே எழுதுவேன். ‘ஆய்வாளரின் முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது.’ நம்பும்படி இருக்கட்டும் என்று ஒருமுறை ‘இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும்’ என்று சேர்த்தேன். நான் எழுதிய புரோகிராமை அந்த அக்கவுண்டில் ஓட விட்டிருந்தால், என்னைத்தான் பேராசிரியர் என்று சொல்லியிருக்கும். என்றைக்காவது அவரே உள்ளே போயிருந்தால் திருடன் என்று அலறியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஆய்விதழிலிருந்து அவருக்கு ஒரு கட்டுரை வந்தது. இதை வெளியிடலாமா வேண்டாமா, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் இருக்காது. இந்த வேலையும் என்னுடையதுதான். ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரில் ஒரு சர்டிபிகேட் வரும், வருடக் கடைசியில் காலேஜில் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடும்போது காட்டுவார்.

திறந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. என் ஆராய்ச்சி! ஸ்மார்ட்போனில் தமிழ் டைப் செய்யும் நடுத்தர வயதுக்காரர்கள், அவர்கள் எங்கே நின்று யோசிக்கிறார்கள், எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள், எல்லாம் அப்படியே. என்னிடமிருந்து எடுத்ததல்ல. நான் இன்னும் எங்கும் வெளியிடவில்லை. எங்கேயோ இன்னொரு காலேஜில் இன்னொருவர் அதே யோசனையோடு, என்னைவிட ஒழுங்காக வேலை செய்திருக்கிறார். அது வெளிவந்துவிட்டால் என் ஆராய்ச்சியில் புதிதாக ஒன்றும் இல்லை. என் பதிவுக்காலம் முடிய ஒரு வருடம்கூட இல்லை. பிஎச்.டி. முடிக்காவிட்டால் வேலையில் வைத்திருக்க மாட்டோம் என்று காலேஜில் எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள்.

முறைப்படி, இதை நான் பார்க்கக் கூடாது என்று திருப்பி அனுப்ப வேண்டும். கைடிடம் சொன்னேன்.

“சார், இது நம்ம டாபிக்தான் சார். நாம பாக்கறது தப்பு.”

“அட, திருப்பி அனுப்பனா சர்டிபிகேட் வராதும்மா. இந்த வருஷத்துக்கு ஒண்ணு கொறையுது. ஜல்தி ஏதாச்சும் எழுதிப் போடு.”

அவர் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம், நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சனையாகவே தெரியவில்லை.

“வேணான்னு எழுதிடு. யாருக்குத் தெரியப்போவுது? உன் பேரா, அவர் பேருதான?”

உண்மைதான். யார் செய்தார்கள் என்பதைப் பிற்பாடு யாரும் மறுக்க முடியாதபடி செய்வது எப்படி என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாடம் எடுக்கிறவள் நான். எவ்வளவு சுலபமாக மறுக்கலாம் என்று எனக்கல்லவா தெரியும். ‘புதுமை போதாது, நிராகரிக்கலாம்’ என்று டைப் செய்தேன். அழகாகத்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு குற்றமாவது காட்ட வேண்டுமே என்று கட்டுரையைக் கடைசிவரை படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பேருந்து வந்துவிட்டதால் சிலர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள், அவர்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம், அதனால்தான் முடிவுகள் சற்று மோசமாக இருக்கின்றன.

எனக்குச் சுருக்கென்றது. நானும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் ஆட்களைப் பிடித்து டைப் செய்ய வைத்தேன். “இருங்கம்மா, செஞ்சி வண்டி வந்துடுச்சு” என்று போனை என் கையில் திணித்துவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை என் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் அழித்துவிட்டேன். என் முடிவுகள் பளபளவென்று இருந்தன. கைடுகூட பாராட்டினார். எனக்கு அந்த முகம் தெரியாத ஆள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எழுதாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? பாவி, எழுதித் தொலைத்திருக்கிறார்.

டைப் செய்ததை அழித்தேன். ‘நேர்மையான வேலை. வெளியிடலாம்’ என்று எழுதி, அதே கோபத்தோடு அனுப்பினேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

சில மாதம் கழித்து, என் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் குழுக் கூட்டம். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர், வெளிவந்துவிட்ட அந்தக் கட்டுரையை மேசையில் போட்டார்.

“இது ஏற்கெனவே வந்துடுச்சேம்மா. நீங்க என்ன புதுசா பண்ணியிருக்கீங்க?”

என் கைடு சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இதக்கூட பாக்காம என்னா பண்ணிக்கினு இருந்த? முன்னாடி யாராச்சும் செஞ்சிருக்காங்களான்னு தேட மாட்டியா? இந்தப் பேப்பர எவன் உள்ள வுட்டான்?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நீங்கதான் சார். நீங்கதான் ரிவ்யூ பண்ணி ஓகே பண்ணீங்க. சர்டிபிகேட் வந்துச்சே சார்.”

நம் மனுஷன் இப்போது மாட்டினார் என்று நினைத்தேன். எவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்! ஒரே ஒரு நொடிதான் விழித்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “ஆமாம் சார். நான்தான் பண்ணேன். நம்ம ஸ்டூடண்டுக்குப் பாதிப்புன்னு தெரியும். ஆனா தகுதியான பேப்பரத் தடுக்க மனசு வரல” என்றார்.

வெளியிலிருந்து வந்தவர் உருகிப்போனார். எழுந்து வந்து கை கொடுத்தார். என்னிடம், “இவர் மாதிரி ஒருத்தர் கைடா கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும். நேர்மைன்னா என்னன்னு பாத்துக் கத்துக்குங்க” என்றார். தலைப்பை மாற்று, கூடுதல் காலம் கேட்டு மனுப் போடு என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். காலேஜ் அதுவரை பொறுத்துக்கொள்ளுமா என்பது என் பாடு. ஆள் அனுப்பி டீ, சமோசா வரவழைத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

எல்லோரும் போனபின் கைடு என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை. நல்ல குஷியில் இருந்தார்.

“இன்னொரு பேப்பர் வந்திருக்குதாம்மா. கொஞ்சம் பாத்துடு. ஓடிபி இப்பவே சொல்லட்டா?”

“முடியாது சார்.”

“ஏம்மா? வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா?”

“இல்ல சார். இனிமே நீங்களே பண்ணிக்குங்க.”

சரி, இவ்வளவுதானே என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அப்புறம் விரல் நின்றது.

“பாஸ்வேர்டு என்னம்மா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“பாஸ்வேர்ட யார்கிட்டயும் சொல்லக் கூடாது சார்.”