மேஸ்திரிக்கு வந்த சந்தோஷம்

ஆபீஸ் அறையில் மனைவியோடு பேசிவிட்டுப் போனைக் கீழே வைத்ததும் டைல்ஸ் மேஸ்திரி செய்த முதல் காரியம், வராந்தாவைக் கழுவிக்கொண்டு வந்த கண்டக்டரைத் துடைப்பத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்ததுதான்.

"யோவ், விடுய்யா! என்ன ஆச்சு உனக்கு?"

"ஃபைனல்! எம் பொண்ணு டீம் ஃபைனலுக்கு வந்துடுச்சு. கடைசி பெனால்டியைப் பாய்ஞ்சு புடிச்சிருக்கா. அதுவும் இடது பக்கம்! இடது பக்கம் அவளுக்கு வரவே வராதுய்யா!"

"சரி, ரொம்ப சந்தோஷம். துடைப்பம் ஈரமா இருக்கு, விடு."

மேஸ்திரி விட்டார். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அதைக் கவனிக்காமல் சமையலறைக்கு ஓடிச் சமையல்காரரிடம் சொன்னார். வாசலுக்கு ஓடிக் காவலாளியிடம் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நான் போய்ப் பாக்கணும்" என்பதையும் எல்லோரிடமும் சேர்த்துச் சொன்னார். மகள் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல் கீப்பர். அவள் ஆடி அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆட்டம் நடந்த நாட்களில் அவர் ஒன்று குடித்துவிட்டுக் கிடந்தார், இல்லையென்றால் இந்த மாதிரி ஏதாவது ஓர் இல்லத்தில் இருந்தார்.

இந்த இல்லம் மற்றவற்றைப் போன்றது இல்லை. குடியோடு மனநோயும் சேர்ந்தவர்களைத் தங்கவைத்து, இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்த்தார்கள். பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் குடியும் மனச்சோர்வும். மேஸ்திரிக்குக் குடியும், மனம் மாறி மாறி மேலே ஏறிக் கீழே விழும் நோயும். உள்ளே இருந்தவர்கள் அதை ஏத்தம், இறக்கம் என்று சுருக்கமாகச் சொன்னார்கள். ஏத்தம் வந்தால் மேஸ்திரிக்குத் தூக்கமே வேண்டாம். கேட்டவர்களுக்கெல்லாம் நாளைக்கே வேலையை ஆரம்பிப்பதாக வாக்குக் கொடுப்பார். மண்டை கொதிக்கும்போது தூங்குவதற்காகக் குடிப்பார். இறக்கத்தில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே குடிப்பார். முன்பு இருந்த இரண்டு இல்லங்களில் குடியைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

வீட்டிலும் பார்க்கவில்லை. இரண்டாவது இல்லத்திலிருந்து மேஸ்திரி விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷன் திருந்திவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். "வீட்டுக்குப் புதுத் தரை போடறேன் பாரு, ஊரே வந்து பாக்கும்" என்று அவர் கூடத்துத் தரையைப் பெயர்க்க ஆரம்பித்தபோது அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவர் பெயர்த்தார், அவள் கல்லையும் மண்ணையும் கூடை கூடையாக அள்ளித் தெருவில் கொட்டினாள். கூடம் முடிந்து சமையலறை, சமையலறை முடிந்து குளியலறை. எதிலும் ஒரு டைல்கூட ஒட்டவில்லை. சட்டியில் கலந்த சிமென்ட் அப்படியே கல்லானது. பிறகு அவர் குடிக்கப் போனார்.

அந்த வீட்டில் இன்னும் பலகை போட்டுத்தான் நடக்கிறார்கள். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு அந்தக் கல்லான சிமென்ட்தான் ஞாபகம் வரும்.

இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே அறையில் தங்கும் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் யாரும் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. தன் துணையைப் பற்றித் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிப் பொய் சொல்வதில் அங்கே எல்லோரும் கைதேர்ந்தவர்கள் என்பதால் வந்த ஏற்பாடு.

போன் வந்ததற்கு மறுநாள் கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"என் துணை நேத்துலேருந்து ஒரு மாதிரி இருக்காரு டாக்டரம்மா. பல்லு தேய்க்கும்போது சிரிக்கிறாரு. நுரையோட சிரிக்கிறாரு."

"தூங்கினாரா?"

"தூங்கினாரு. ஆனா தூக்கத்துல 'புடி, புடி'ன்னாரு."

"யோவ் கண்டக்டரு," என்றார் மேஸ்திரி, "உங்கிட்ட டிக்கெட் வாங்காம இங்க ஒருத்தன் சந்தோஷப்படக் கூடாதா?"

வட்டம் முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் கூட்டம் கலைந்ததும் மேஸ்திரியைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை போறதுக்கு என் பக்கம் தடை இல்ல. ரத்தப் பரிசோதனை நல்லா இருக்கு, தூக்கம் வருது, மாத்திரையை ஒழுங்கா எடுத்துக்கறீங்க. கண்டக்டரும் கூட வருவாரு. ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் பொறுப்பெடுத்துக் கூட்டிட்டுப் போகணும். உங்க மனைவி சரின்னு சொல்லணும்."

"அவ சொல்லுவா டாக்டரம்மா. ஏன் சொல்ல மாட்டா?"

"நேத்து சாயங்காலம் அவங்க எனக்குப் போன் பண்ணாங்க. உங்க குரல்ல இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் பயந்துட்டாங்களாம்."



"பொண்ணு ஃபைனல் ஆடறா. இதுக்கு நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டா உக்காந்திருக்கணும்?"

"வேண்டாம்."

"அப்ப இது அந்தச் சந்தோஷமா, இல்ல நெஜமாவே சந்தோஷமா? எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே நாள்ல தெரியாது. எனக்கும் தெரியாது. தினமும் இருக்கற மாதிரியே இருங்க. நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, தூக்கம், வேலை. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

மேஸ்திரி அதைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டார். சந்தோஷம்தானே மனைவியைப் பயமுறுத்துகிறது, அதை மறைத்துவிட்டால் போச்சு. அன்று முழுக்கச் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். மனைவிக்குப் போன் செய்து, "ம்... நல்லா இருக்கேன்... ம்..." என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசினார்.

மறுநாள் வட்டத்தில் கண்டக்டர் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் துணை நேத்து பூரா சிரிக்கவே இல்ல டாக்டரம்மா. இறக்கம்னு நினைக்கிறேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "சிரிச்சாலும் குத்தம், சிரிக்காட்டியும் குத்தம்னா என்னதான்யா பண்றது நானு?"

"சாதாரணமா இரேன்யா."

"சாதாரணமா இருந்து பழக்கம் இருந்தா நான் ஏன்யா இங்க வரப் போறேன்?"

இந்த முறை டாக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் டைல்கள் பெயர்ந்து தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை மேஸ்திரியிடம் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஆரம்பித்து, மாலை டீ மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

சனிக்கிழமை வேலைக்கு உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. நேரில் பார்த்துத்தான் சரி சொல்வேன் என்று நாளைக் காலையில் மனைவி வருகிறாள். அதற்குள் இந்தத் தரையை முழுசாக முடித்துவிட்டால்? பளபளவென்று கண் முன்னால் விரித்துக் காட்டினால்? நினைக்கும்போதே உடம்பு சிலிர்த்தது.

நூல் கட்டினார். வடிகாலை நோக்கித் தண்ணீர் ஓடுமாறு சரிவு வைத்துச் சிமென்டைப் பரப்பினார். டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துச் சரிவு சரியா என்று பார்த்து, நான்கு மூலையிலும் விரல் முட்டியால் கொட்டிக் கேட்டார். அடியில் சிமென்ட் சரியாகப் பிடிக்காத இடம் பானை போலச் சத்தம் கொடுக்கும். ஒன்றுகூட அப்படிக் கொடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் பாதி வந்துவிட்டது. கண்டக்டர் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிரமாதம்யா" என்றார்.

அதற்குப் பிறகு கை பறந்தது. வரிசை வரிசையாக ஓடியது. அப்படி ஓடும்போதுதான் அவர் காதில் ஒன்று பட்டது. சுத்தியலின் தட்டு வேகமாகியிருந்தது. தட்டியபின் மூலையைக் கொட்டிக் கேட்கவில்லை. எத்தனை டைலாகக் கேட்கவில்லை என்று பின்னால் பார்த்தார். கடைசி வரிசை முழுக்க.

திரும்பிப் போய் ஒவ்வொன்றாகக் கொட்டினார். மூன்றாவது டைல் பானை போல முழங்கியது.

அதைப் பெயர்த்து எடுத்தார். அடியைச் சுரண்டிப் புதிதாகச் சிமென்ட் போட்டு மெதுவாக வைத்தார். அந்த ஒரு டைல் முடிந்தபோது டீ மணி அடித்தது. இன்னும் மூன்று வரிசை பாக்கி. கலந்த சிமென்ட் சட்டியில் இருந்தது. வெளிச்சமும் இருந்தது. ஒரு மூச்சில் முடித்துவிடலாம் என்று உள்ளே ஏதோ குதித்தது. விரல்கள் துடித்தன.

மேஸ்திரி கொத்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி வந்தாள். துவைத்து இஸ்திரி போட்டுத் தரும் கடையில் வேலை செய்பவள். ஒரு மடிப்புக்கூடக் கலையாத சேலை. வாசலில் கண்டக்டரைத்தான் முதலில் பிடித்தாள்.

"எப்படி இருக்காரு அண்ணே? உள்ளதைச் சொல்லுங்க."

"ஒரு நாள் சிரிக்கிறாரு, ஒரு நாள் சிரிக்க மாட்டேங்கறாரு. எனக்கே கொழப்பமா இருக்கும்மா. அவரு போட்ட தரையை வேணா வந்து பாரேன்."

தரை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. கண்டக்டர் தன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அதற்குள் நடந்துவிட்டாள்.

மேஸ்திரி அங்கே நின்றிருந்தார். பாதிக்கு மேல் தரை போட்டிருந்தது. மீதி வெறும் மண். போட்ட பகுதியை யாரும் மிதிக்காதபடி குறுக்கே பலகை வைத்திருந்தது. நூல் கட்டியபடி இருந்தது. அவள் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த சிமென்ட் சட்டியை நிமிர்த்தி உள்ளே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுவித் துடைத்து வைத்த கரண்டி.

"ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

"டீ மணி அடிச்சுது."

"இன்னும் கொஞ்சம்தானே? முடிச்சிருக்கலாமே."

"முடிச்சிருக்கலாம். உனக்குக் காட்டணும்னு கை பரபரன்னு இருந்துச்சு. அதனாலதான் நிறுத்தினேன்."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நம்ம வீட்டுல இதைக் கழுவினது நான். ஒரு நாள் முழுக்க ஊற வெச்சு, கல்லால தேய்ச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எனக்குப் பயம் போகல. பொய் சொல்ல மாட்டேன். உங்க கூட வரும்போதும் பயந்துகிட்டேதான் வருவேன்."

"பயந்துகிட்டே வா. ஆனா வா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டையை மாத்துங்க. இப்படியே வந்தீங்கன்னா உங்க பொண்ணு கோலை விட்டுட்டு ஓடிடுவா."

மேஸ்திரி அறைக்கு ஓடினார். பாதி வழியில் நின்று, தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, நடந்து போனார்.

மைதானத்தில் நிற்கவே இடமில்லை. முட்டி மோதி வேலியருகே போய் நின்றார்கள். மகள் உயரமான கோல் கம்பங்களுக்கு நடுவே கையுறைகளைத் தட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். முதல் பந்தை அவள் நெஞ்சோடு அணைத்தபோதே மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். இரண்டாவதை அவள் விரல் நுனியால் தட்டிக் கம்பத்துக்கு மேலே அனுப்பினாள். எதிரணிக்காரி ஒருத்தி முழங்காலால் இடித்தபோது மனைவி வேலியைப் பிடித்துக் குலுக்கி, "ஏய், நடுவரு! கண்ணை எங்க வெச்சிருக்கே?" என்று கத்தினாள். கண்டக்டர் அவளையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யாருக்கு ஏத்தம்னு நாளைக்கு நான் சொல்றது?"

கடைசி நிமிடங்களில் மகளின் அணி ஒரு கோல் போட்டது. அதன் பின் எதிரணி மொத்தமும் அவள் மேல் வந்து விழுந்தது. அவள் பாய்ந்தாள், உதைத்தாள், பந்தின் மேல் படுத்தாள். நீண்ட விசில் ஒலித்தபோது மேஸ்திரி மனைவியைத் தூக்கியே விட்டார். அவளும் "விடுங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கழுத்தை விடவில்லை.

மகள் முகமெல்லாம் மண்ணோடு வேலிக்கு ஓடிவந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது இல்லை.

"அப்பா, ராத்திரி தூங்கினீங்களா?"

"தூங்கினேன்மா. இதோ சாட்சி."

"தூங்கினாரு," என்றார் கண்டக்டர், "குறட்டையோட."

திரும்பும் பேருந்தில் மேஸ்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து ஆட்டத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மனைவிக்கு மறுபடி பயம் வந்தது. இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகுதான் அவர் விடிய விடியப் பேசுவார்.

"அந்த ரெண்டாவது பந்து இருக்கே... அது வந்த வேகத்துக்கு... அவ விரலை..."

அதோடு நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

இல்லத்தின் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் பழக்கத்தில் எழுந்து கம்பியைப் பிடித்தார். அவள் வேகமாக விரலை உதட்டில் வைத்தாள்.

"ஸ்டாப்பு வந்துடுச்சும்மா," என்று அவர் கிசுகிசுத்தார். "என் சர்வீஸ்ல ஒருத்தரைக்கூட ஸ்டாப் தாண்டவிட்டு இறக்கினதில்ல."

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க அண்ணே."

கண்டக்டர் உட்கார்ந்தார். நிறுத்தம் போனது. அடுத்ததும் போனது. அவள் போனை எடுத்து இல்லத்துக்குப் பேசினாள். டாக்டரம்மாதான் எடுத்தார்.

"எங்க இருக்கீங்க? எப்படி இருக்காரு?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு இதே பஸ்ல திரும்பி வந்துடறோம் டாக்டரம்மா. அவரு..." மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் குரல் மேலே ஏறி, முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தூங்கறாரு டாக்டரம்மா! தூங்கறாரு!"