இந்துமதி அக்காவின் வயிறு

டிபன் பாக்ஸைத் திறந்ததும் இந்துமதி அக்கா அதைச் சற்றுச் சாய்த்து எதிரில் இருப்பவர்களுக்குக் காட்டிவிடுவார். அரைக் கரண்டி ரசஞ்சோறு, ஒரு அவித்த முட்டை. "பாத்துக்குங்க சாமி, அப்பறம் பேசாதீங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எங்கள் அருள்புரம் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் யாருடைய சாப்பாட்டையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அவருடையதைத் தவிர.

ஐந்து வருடங்களுக்கு முன், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர் அவர். முதல் வருடம் பாதி ஆளாக இளைத்தார். "ஆளே அடையாளம் தெரியலீங்க" என்று வாய் பிளந்தவர்களே, எடை மெல்லத் திரும்பி ஏறியதும் "வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு ஆபரேஷன்" என்றார்கள். அந்த வாய்களைத் தைத்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும். ஓவர்லாக் மிஷின் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

வேலையில் அக்காவை யாரும் குறை சொல்ல முடியாது. டியூப்லைட்டுக்கு நேரே துணியைத் தூக்கிப் பிடித்தால் ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. டேமேஜ் உள்ள இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "தச்சவனைத் திட்டாதீங்க, நூலே மோசமுங்க" என்று பரிந்தும் பேசுவார்.

அவர் செய்த தப்பு ஒன்று உண்டு. பஜ்ஜி, பிரியாணி எல்லாவற்றையும் விட்டவர் டீயை விடவில்லை. ஷிப்மெண்ட் நெருங்கினால் காலையில், மாலையில், ஓவர்டைமில் என்று டீ கேன் வந்துகொண்டே இருக்கும். அடியில் சர்க்கரை பாகாகக் கிடக்கும். பனியன் கம்பெனியில் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. "தண்ணிதானேன்னு குடிச்சுப்போட்டனுங்க" என்றார் அக்கா.

ஆபரேஷனுக்குப் பின் அடங்கியிருந்த சர்க்கரை நோய் இப்போது திரும்பிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும், போன தடவையைவிட ஆபத்து கூடுதல் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். சாவுக்குக்கூட அக்கா அவ்வளவு பயப்படவில்லை. "தின்னே கெட்டவளுன்னு ஊட்டுல சொல்றாங்க கண்ணு. அந்தப் பேரோட போய்ச் சேந்தறக் கூடாது" என்றார். கணவர் பழனிமுத்து துணைக்கு வர மறுத்ததால் போன வாரம் நான்தான் கூடப் போனேன்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "மிச்சம் வச்ச இரைப்பை விரிஞ்சு போச்சும்மா. சிலருக்கு இப்படி ஆகும். டீயும் ஒரு காரணம்தான், அது மட்டுமே இல்லை. தப்பெல்லாம் உங்க மேலதான்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வார்த்தை அது. அக்கா உடனே செல்போனில் கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, டாக்டரம்மா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"என்னத்தைக் கேக்கறது? டாக்டரம்மா, நீங்களே அவளுக்குப் புத்தி சொல்லுங்க. கண்டதையும் தின்னுபோட்டு வந்து உக்காந்திருக்கறா. ரெண்டு மாசம் பட்டினி கெடந்தா எல்லாஞ் சரியாப் போயிருமுங்க."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் டாக்டரம்மா. பழனிமுத்து நிறுத்தவில்லை. தன் அம்மா அப்போதே என்ன சொன்னார் என்று ஆரம்பித்திருந்தார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். ஓரத்தில் இருந்த பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்து, டாக்டரம்மா பார்ப்பதற்காக வயிற்றின் மேலிருந்த சேலையை விலக்கினார்.